கூட்டாமல் குறைக்காமல்

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த அன்று நான் ஒரு சத்தியப் பிரமாணம் எடுத்தேன். தமிழில் சொல்லப்படுவதை மலாயிலும், மலாயில் சொல்லப்படுவதைத் தமிழிலும், கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று. இருபது வருடங்களுக்கு மேல் அதை மீறியதாக எனக்கு நினைவில்லை. ஒரு கணவன் மனைவியைத் திட்டிய வார்த்தையை, வீட்டில் என் காதில் விழுந்தாலே கூசுகிற வார்த்தையை, மாஜிஸ்திரேட்டின் முகத்தைப் பார்த்து அப்படியே மலாயில் சொல்லியிருக்கிறேன். யார் சொல்வது உண்மை, யார் சொல்வது பொய் என்று யோசிப்பது என் வேலை இல்லை. சாயங்காலம் கிள்ளானுக்கு ரயில் ஏறி, வீட்டுக்கு வந்து குளித்தால் எல்லாம் போய்விடும்.

ஒரு வழக்கு மட்டும் போகவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றம். எது என்று சொல்ல வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர் சுங்கை வேயில் ஒரு பழைய பிளாட்டில் குடியிருந்தவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். புகார் கொடுத்தவர் அதே பிளாட்டின் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். வேனைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவதில் இருவருக்கும் ரொம்ப நாளாகவே உரசல். ஒரு மாலையில் கீழே நாலு பேர் பார்க்க வாய்ச்சண்டை முற்றியிருக்கிறது. மூன்றாம் நாள் தலைவரின் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அந்த எண், எப்போதோ நாட்டைவிட்டுப் போய்விட்ட ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரில் இருந்தது. குரல் வேன்காரருடையது.

பதிவு பதினைந்து விநாடிகூட இருக்காது. எனக்கு இன்றும் மனப்பாடம்.

“என் வேனை எடுக்கச் சொல்ல நீ யார்? என்னோட பழைய பழக்கம் உனக்குத் தெரியாது. இந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நீ நிம்மதியாக வாழ முடியாது. ஒரு நாள் உன் வீடு எரியும்.”

குற்றப் பத்திரிகை வாசித்த நாளில் வேன்காரர் கூண்டில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: “கீள சண்ட போட்டதோட சரி, இதை நான் பேசலை மேடம். ஆனா கொரல் என்னுது மாதிரிதான் இருக்கு.”

அதையும் அப்படியே மலாயில் சொன்னேன். அவருடைய வக்கீல், இலவச சட்ட உதவியில் வந்திருந்த இளைஞர், தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். எந்த வக்கீலும் தன் கட்சிக்காரர் வாயிலிருந்து இரண்டாவது வாக்கியம் வருவதை விரும்பமாட்டார்.

விசாரணை தொடங்கிய நாளில் முதல் சாட்சி சங்கத் தலைவர். அவரைப் பார்த்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. அவர் பொய்ப் புகார் கொடுக்க வந்தவர் இல்லை. அந்தப் பதிவு வந்ததிலிருந்து மனைவியையும் மாமியாரையும் தனியாக வீட்டில் விட்டுப் போவதில்லை என்றார். வாசலில் மண் நிரப்பிய வாளி வைத்திருப்பதாகச் சொன்னார். அது நடிப்பு இல்லை. மனிதர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

அடுத்து விசாரணை அதிகாரி வந்தார். பதிவை எடுத்துக் கொடுத்த கணினிக்கு ஒரு சான்றிதழ் தாக்கல் செய்தார். கணினி வழக்கமான முறையில், கோளாறு இல்லாமல் வேலை செய்தது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும். எங்கள் சட்டப்படி அந்தச் சான்றிதழ் இருந்தால் கணினி தரும் ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்கலாம். நூறு தடவை அதை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். சட்டம் எழுதியவர்கள் பயந்தது கணினி பழுதாகிவிடுமோ என்றுதான். பழுதில்லாத கணினியே ஒரு மனிதனின் குரலைப் புதிதாகச் செய்யும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதிகாரி இன்னொன்றும் சொன்னார். வேன்காரரின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார். “இது உங்க வீட்டுக்காரர் கொரலா?” என்று மலாயில் கேட்டதற்கு, “ஆமா” என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னபோது பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை நான் பார்த்தேன். பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். கணவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவைப் போட்டார்கள். நான் மலாயில் சொன்னேன். ‘பழைய பழக்கம்’ என்பதற்கு ‘தாபியாட் லாமா’ என்றேன். சரியான சொல்தான். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். முப்பது முப்பத்திரண்டு வயது மலாய்ப் பெண், நிதானமானவர். அரசுத் தரப்பு வழக்கறிஞரும் மலாய்க்காரர். எதிர்த்தரப்பு வக்கீல் தமிழர்தான், ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். தன் கட்சிக்காரரிடமே பாதி மலாயில்தான் பேசுவார். ஆக அந்த அறையில் தமிழை முழுதாகக் கேட்கக்கூடியவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர், அவர் மனைவி, புகார்காரர், பிறகு நான். எந்தப் பக்கமும் சேராதவள் நான் ஒருத்திதான்.

மதிய இடைவேளையில் நல்ல மழை. வாசல் கூரைக்குக் கீழே எல்லாரும் ஒதுங்கி நின்றோம். எனக்கு நாலடி தள்ளி வேன்காரரும் மனைவியும். அந்த அம்மா எதிர்க்கடைக்கு ஓடிப் போய்ச் சாப்பாடு வாங்கப் பார்த்தார்.

“மளை விடட்டும், கொஞ்சம் நில்லு லா,” என்றார் அவர். “பளைய கொடை ஒண்ணு வண்டியில கெடந்துச்சு. அதையும் எங்க வச்சேன்னு தெரியல.”

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் அப்பா அப்படித்தான் பேசுவார், என் கணவரும் அப்படித்தான். இங்கே முக்கால்வாசிப் பேருக்கு ‘ழ’ நாக்கில் வராது. கேட்டுக் கேட்டு அது எனக்குக் கேட்பதே இல்லை.

பிற்பகலில் வக்கீல் ஒரு கேள்வி எழுப்பினார். ‘வீடு எரியும்’ என்றால் தானாகத் தீப்பிடிக்கும் என்று பொருளா, நான் கொளுத்துவேன் என்று பொருளா? அதற்காகப் பதிவை மறுபடியும் போடச் சொன்னார். மூன்று தடவை போட்டார்கள். இரண்டாவது தடவைதான் எனக்குக் கேட்டது.

பழைய பழக்கம். வாழ முடியாது.

மூன்று ‘ழ’. மூன்றும் சுத்தமாக, நாக்கு மேலே மடங்கி, வானொலிச் செய்தியில் வாசிப்பதுபோல. அதோடு ‘அடுக்குமாடிக் குடியிருப்பு’. சுங்கை வேயில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? பிளாட் என்பார்கள். கோபத்தில் கத்துகிற வேன் டிரைவர் செய்தித்தாள் வார்த்தையைத் தேடி எடுப்பாரா? எழுத்துத் தமிழில் யாரோ ஒன்றை எழுதி, அதை அவர் குரலில் வாசிக்க வைத்ததுபோல இருந்தது.

மூன்றாவது தடவை பதிவு ஓடி முடிந்தபோது என் முதுகு வேர்த்திருந்தது. அறையில் ஏர்கான் குளிரில் எல்லாரும் கோட்டை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, ‘மேடம்’ என்பதற்கான மலாய்ச் சொல்லால் கூப்பிட்டார். “புவான், காலையில் சொன்ன மொழிபெயர்ப்பு சரிதானே? ஏதாவது மாற்ற வேண்டுமா?”

“சரிதான், புவான்,” என்றேன்.

பொய் இல்லை. ‘தாபியாட் லாமா’ சரியான மொழிபெயர்ப்பு. அதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் நான் கேட்டது எதுவோ அது மலாய்க்குள் போகவே இல்லை. போக வழியும் இல்லை. வழக்கை ஆறு வாரம் தள்ளி வைத்தார்கள்.

அன்று ரயில் நிலையத்தில் அந்த இளம் வக்கீல் அதே நடைமேடையில் நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு வார்த்தை போதும். ‘தம்பி, அந்த ழகரத்தைக் கவனிங்க’ என்று சொல்லிவிட்டு நான் என் வழியில் போயிருக்கலாம். ஆனால் ஒரு தரப்பின் காதில் மட்டும் ரகசியமாக ஒன்றைப் போடுகிற மொழிபெயர்ப்பாளரை அப்புறம் யார் நம்புவது? ரயில் வந்ததும் பெண்கள் பெட்டியைத் தேடி நடந்து அதில் ஏறிக்கொண்டேன். கிள்ளான் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு கணவரிடம் சொன்னேன். வழக்கு எது, ஆள் யார் என்று சொல்லவில்லை, விஷயத்தை மட்டும். அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார்.

“ஒரு எளுத்த வச்சு எப்படிச் சொல்லுவ? கோவம் வந்தா ஆளு மாறிப் பேசுறதில்லையா?”

“கோவம் வந்தா ‘ழ’ வருமா?”

“சோதிச்சுப் பார்த்துருவோம்,” என்றார்.

என் போனில் ஒரு செயலியை இறக்கினார். அது ஒரு குரல் மாதிரியைப் பதிவேற்றச் சொன்னது. அவர் என் அக்காவுக்கு அனுப்பியிருந்த பழைய குரல் பதிவுகளில் இரண்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு நிமிடத்துக்குக் குறைவுதான். அதற்குப் பிறகு ஒரு சின்னக் கட்டம் வந்தது. ‘இந்தக் குரலைப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டு’ என்ற ஆங்கில வாக்கியம். கட்டத்தில் விரலை வைத்தால் டிக் விழும். அவர் குரல், ஆனால் டிக் போட்டது நான். யாரும் தடுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ஒரு ஆளின் குரலுக்கு இருந்த காவல் மொத்தமே அந்தக் கட்டம்தான்.

நான் எழுதினேன்: ‘பழைய வாழைப்பழம் மேசையில் இருக்கிறது.’

போன் பேசியது. என் கணவரின் குரல். கரகரப்பு, வாக்கியத்தின் கடைசியில் மூச்சு விடுவது, எல்லாம் அவர்தான். முப்பது வருடமாக அவர் ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறார். போன் ‘பழைய வாழைப்பழம்’ என்று சொன்னது, மூன்று ‘ழ’வும் தெளிவாக.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நான் இன்னொரு வாக்கியம் எழுதினேன். அது என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவர் என்னிடம் ஒருபோதும் சொல்லாத ஒன்று. அதைக் கேட்டதும் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து சும்மா கை கழுவினார்.

“அளிச்சுரு,” என்றார் அங்கிருந்தே.

அழித்தேன். உண்மையிலேயே அழிந்ததா என்று எனக்குத் தெரியாது. என் போனில் இல்லை, அவ்வளவுதான்.

அன்று எனக்கு இன்னொன்றும் உறைத்தது. வேன்காரர் தினமும் காலையில் பெற்றோர் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்புவார் என்று விசாரணையில் வந்திருந்தது. ‘வேன் கீள நிக்குது, அனுப்புங்க’, ‘இன்னைக்கு ஜாம், பத்து நிமிசம் லேட்டு’ என்று வருடக்கணக்காக. அந்தக் குழுவில் இருந்த யார் வேண்டுமானாலும், அவர்களிடமிருந்து வாங்கிய யார் வேண்டுமானாலும் அந்தக் குரலை எடுத்திருக்கலாம். அவரே பேசியிருக்கவும் செய்யலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் பதிவை நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் நான் இல்லை.

திங்கட்கிழமை துணைப் பதிவாளரைப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், மலாய்ப் பெண். நானும் அவரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாகப் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள். முழுவதும் கேட்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார்.

“நீ கோர்ட்டோட வாய்,” என்றார். “காது இல்லை.”

“காது இல்லாம வாய் எப்படி வேலை செய்யும்?”

“கேலி பண்ணாதே. இன்னைக்கு ஒருத்தரைக் காப்பாத்துற மாதிரி உனக்கு ஒண்ணு கேட்டுது. நாளைக்கு வேற ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுந்து, ‘இவன் குரல் நடுங்குது, இவன் பொய் சொல்றான், எங்க மொழியில எனக்குத் தெரியும்’னு சொன்னா? அதையும் ஒத்துக்குவியா?”

மேசையில் கிடந்த கோப்பைச் சரிசெய்து வைத்தேன். அவர் விடவில்லை.

“உனக்கு நூறு சதவீதம் உறுதியா?”

“இல்லை.”

“அப்போ?”

“உறுதி இல்லாததை உறுதி மாதிரி எழுதிக்கிட்டு இருக்கோம். அதுக்கு நான் வாய் கொடுத்திருக்கேன்.”

அவர் பேனாவை மூடினார். “இதுக்கெல்லாம் புதுச் சட்டம் வரப்போகுதாம். எழுதிக்கிட்டு இருக்காங்க.”

“அது வர்றதுக்குள்ள இந்த வழக்கு முடிஞ்சுடும்.”

“இதை நீ என்கிட்ட சொல்லலை,” என்றார். “நான் கேட்கலை.” என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதைப் புரிந்துகொண்டதால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த விசாரணைக்கு முன் வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வழக்குக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி நழுவிவிடலாமா என்று யோசித்தேன். நழுவினால் என் வேலை பத்திரம். வேறொருவர் வந்து அதே ‘தாபியாட் லாமா’வைச் சொல்லுவார், சரியாகத்தான் சொல்லுவார்.

அன்று காலை வழக்கு எண் கூப்பிட்டதும் எழுந்து நின்றேன். மொழிபெயர்ப்பாளர் யாரும் கேட்காமல் பேசுவதில்லை. முதலில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“புவான், அனுமதி வேண்டும். சென்ற தடவை நான் செய்த மொழிபெயர்ப்பு பற்றி.”

“தப்பு இருக்கிறதா?” என்றார் மாஜிஸ்திரேட்.

“தப்பு இல்லை. ஆனால் தமிழில் இருந்த ஒரு விஷயம் மலாயில் வராது. மொழிபெயர்ப்பு சரியா என்று கேட்டபோது சரி என்று மட்டும் சொன்னேன். இதையும் சொல்லியிருக்க வேண்டும்.”

அரசுத் தரப்பு எழுந்தது. “ஆட்சேபணை. மொழிபெயர்ப்பாளர் சாட்சி இல்லை.”

வேன்காரர் கூண்டில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலாயில் நான் பேசியது அவருக்கு ஓரளவு புரிந்திருக்கும், எதற்கு என்று புரிந்திருக்காது. அதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நான்தான். சொல்லாமல் நின்றேன்.

மாஜிஸ்திரேட் பதினைந்து நிமிடம் ஒத்திவைத்து, இரண்டு தரப்பையும் என்னையும் தன் அறைக்கு அழைத்தார்.

“சொல்லுங்கள். சொன்ன பிறகு அதை வைத்து நான் என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று முடிவு செய்கிறேன்.”

சொன்னேன். எழுத்து, உச்சரிப்பு, இங்கே மக்கள் பேசுகிற விதம். என் வீட்டுச் சோதனையைப் பற்றிச் சொல்லவில்லை, அது என் எல்லைக்கு ரொம்ப வெளியே. மதிய மழையில் என் காதில் விழுந்ததைச் சொல்லலாமா என்று தயங்கி, அதையும் விட்டேன். பதிவில் இருந்ததையும், கூண்டில் நின்று அவர் வாயிலிருந்து வந்த தமிழையும் மட்டும் சொன்னேன்.

“இரண்டையும் உச்சரித்துக் காட்டுங்கள்,” என்றார்.

“பழைய,” என்றேன். “பளைய.”

அவர் காதைச் சற்றுத் திருப்பினார். “இன்னொரு தடவை.”

“பழைய. பளைய.”

“எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது,” என்றார்.

“எனக்கும்,” என்றார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். அவர் குரலில் கேலி இல்லை. அவருக்கு உண்மையாகவே கேட்கவில்லை.

இளம் வக்கீலின் முகம் மாறியிருந்தது. அவருக்குக் கேட்டுவிட்டது. உதட்டை அசைத்து ‘ழ’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தார். வரவில்லை.

மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: “நீங்கள் உங்கள் வேலையைத் தாண்டிவிட்டீர்கள். இதை நான் சாட்சியமாக எடுக்க முடியாது. கேட்காததுபோல இருக்கவும் முடியாது. இந்த வழக்கில் இனி நீங்கள் மொழிபெயர்க்கக் கூடாது. ஏன் என்று குறிப்பில் பதிவு செய்கிறேன். அதை வைத்து என்ன செய்வது என்று இரண்டு தரப்பும் யோசியுங்கள்.”

வெளியே வந்தேன். என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். நான் என் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொள்ள மறந்துபோனேன், திரும்பிப் போய் எடுக்கவும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். வக்கீல் பதிவை ஆய்வுக்கு அனுப்பக் கேட்டார். ஆய்வறிக்கை மாதக்கணக்கில் இழுத்தது. வந்தபோது, இது இயற்கையான குரல் என்று உறுதி செய்யவும் முடியாது, செயற்கை என்று உறுதி செய்யவும் முடியாது என்று எழுதியிருந்தது. ஒரு மொழியியல் விரிவுரையாளர் சாட்சியாக வரச் சம்மதித்தார். அவரைக் கூப்பிடுவதற்கு முன்பே அரசுத் தரப்பு குற்றச்சாட்டைத் தொடரவில்லை என்று சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட் வேன்காரரை விடுவித்தார். ஆனால் அது நிரபராதி என்ற விடுதலை இல்லை. புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடியும் குற்றம் சாட்டலாம். சட்டத்தில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. நான் எத்தனையோ பேருக்கு அதைத் தமிழில் விளக்கியிருக்கிறேன். ஒவ்வொருவரும் அதே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பார்கள்: “அப்ப நான் செஞ்சேன்னு சொல்றாங்களா, செய்யலைன்னு சொல்றாங்களா?”

அந்தப் பதிவைச் செய்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சங்கத் தலைவர் பிளாட்டை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பொறுத்தவரை தன்னை மிரட்டியவர் வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். அடுத்த மாதம் விசாரணை அறையிலிருந்து என்னை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். அது தண்டனையா என்று துணைப் பதிவாளரிடம் கேட்டேன். “உனக்கு ஓய்வுன்னு வச்சுக்கோ,” என்றார். இப்போது பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மொழிபெயர்க்கிறேன். அவை பேசுவதில்லை. சில நாள் அது நிம்மதியாக இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். லோரியின் பின்கதவைத் திறந்து துணிக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். நான் பார்க்காததுபோலப் போயிருப்பேன், அவர் என்னைக் கண்டுகொண்டார்.

“மேடம், கோர்ட்டு மேடம்தானே?”

“ஆமாண்ணே. எப்படி இருக்கீங்க?”

“லோரி ஓட்டுறேன். வேன வித்தாச்சு. பேரு கெட்டுப்போச்சுன்னா பிள்ளைங்கள யாரு ஏத்திவிடுவா?” கையுறையைக் கழற்றினார். “நீங்க எந்திரிச்சுப் பேசுனதுனாலதான் கேஸு நின்னுச்சுன்னு வக்கீல் தம்பி சொன்னாரு.”

நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

“உங்களுக்கு மொத நாளே தெரிஞ்சுச்சா?” என்று கேட்டார்.

“மொத நாளே கேட்டுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

அவர் தலையாட்டினார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கணக்குத் தீர்க்க வந்தவர் மாதிரியும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், தெரிந்துகொண்டார்.

“அந்த ஆறு வாரத்துலதான் மேடம் எல்லாம் போச்சு. அதுவரைக்கும் அஞ்சு வீட்டுக்காரங்க என்னைய நம்பிப் பிள்ளைங்கள அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தாங்க. கோர்ட்டுல டேப்பு போட்டாங்க, மொளிபெயர்ப்பு சரின்னு எளுதிட்டாங்கன்னு எவனோ சொல்ல, அவங்களும் நின்னுட்டாங்க.”

தெருவில் ஒரு பஸ் போனது.

“வீட்ல அக்கா நல்லா இருக்காங்களா?” என்றேன்.

“இருக்கா. போலீஸ்கிட்ட அவ சொன்னது தப்பில்ல. அவளுக்கு அப்படித்தான் கேட்டுச்சு, எனக்கே அப்படித்தான் கேட்டுச்சு. ஆனா இப்ப நான் ரூமுக்குள்ள இருந்து கூப்பிட்டா ஒடனே வரமாட்டா. ஒரு செகண்டு நின்னு கேட்டுட்டுத்தான் வருவா. அவளுக்கே அது தெரியாது. நான் சொல்லவும் இல்ல.”

கடைக்காரர் உள்ளே இருந்து அவரைக் கூப்பிட்டார். அவர் போகவில்லை. கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டே கேட்டார்:

“நான் பேசலன்னு நீங்க நம்புறீங்களா மேடம்?”

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அவர் நின்றார். சொல்லிவிட்டுப் போயிருந்தால் இருவருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

“எனக்குத் தெரியாதுண்ணே,” என்றேன். “கோர்ட்டுக்கும் தெரியாது. தெரியும்கிற மாதிரி எழுதக்கூடாதுன்னுதான் எந்திரிச்சேன்.”

அவர் கையுறையின் விரல்களை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, “சரி மேடம்,” என்று சொல்லிவிட்டு ஒரு கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைக்குள் போனார். அவர் திரும்பி வரும்வரை நிற்பதா போவதா என்று தெரியாமல் லோரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரவிக்கைத் துணி வாங்க வந்ததே மறந்துபோய் மோனோரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தேன்.